எழுபத்தோராம் நிமிடத்தில் ஒரு குறை

இந்த வாரம் சரக்கு குறைவு. ஜூன் மாதத்தில் எப்போதும் இப்படித்தான். பெரிய நிறுவனங்கள் நல்ல படங்களை எல்லாம் ஜூலை விடுமுறைக்காகப் பதுக்கி வைத்துக்கொண்டு, மிச்சம் மீதியை நம் தலையில் கட்டுகின்றன. ஆகவே பட்டியல் சின்னது. ஆனால் கடைசிப் பகுதி கொஞ்சம் நீளமாகப் போகும். வெளியே தூறல் விடுகிற மாதிரி தெரியவில்லை. சூடாக எதையாவது கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

புதிதாக வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. லீமா நகரத்துக் காலெரியாக் கடைவளாகம் ஒன்றின் இரண்டாம் மாடியில், நாற்பத்தேழாம் எண் கடையிலிருந்து வாராவாரம் வியாழக்கிழமை வெளிவருகிறது இந்தப் பட்டியல். வீட்டில் போட்டுப் பார்க்கும் புது டிவிடி தட்டுகளில் அறிவியல் புனைகதை, அனிமே, மெஷினிமா ஆகிய மூன்றை மட்டும் எழுதுவேன். காதல் படம் வேண்டுமென்றால் ஐம்பத்திரண்டாம் கடைக்குப் போங்கள். எந்தத் தட்டையும் முழுக்கப் பார்க்காமல் எழுதியதில்லை. எந்த நிமிடத்தில் படம் சிக்குகிறது, எதில் எழுத்து ஓடிய பிறகு வசனம் வருகிறது என்பதையெல்லாம் சொல்லிவிடுவேன். திருட்டுத் தட்டு விற்கிறவனுக்கு இவ்வளவு நேர்மையா என்று கிண்டல் செய்பவர்கள் உண்டு. தட்டு எங்கிருந்து வந்தது என்பது ஒன்று, தட்டுக்குள் என்ன இருக்கிறது என்பது இன்னொன்று. இரண்டாவதில் ஆறு வருடமாக நான் யாரையும் ஏமாற்றியதில்லை. அப்படித்தான் சொல்லிக்கொண்டு வந்தேன்.

அறிவியல் புனைகதையில் ஒன்றே ஒன்று வந்திருக்கிறது, ‘தண்ணீர் இல்லாத நிலா’. கனடாக்காரர்கள் எடுத்தது. முதல் ஒரு மணி நேரம் ஆறு பேர் ஒரு குழாயைப் பழுது பார்க்கிறார்கள். இரண்டாவது மணி நேரத்தில் குழாய் அவர்களைப் பழுது பார்க்கிறது. பரவாயில்லை. நாற்பத்து நான்காம் நிமிடத்தில் வசன எழுத்து ஒரு விநாடி பிந்துகிறது. தள்ளிப்போடலாம்.

அனிமேயில் ‘மழைக்கால ரயில்’ முழுத் தொடரும் ஒரே பெட்டியில் வந்துவிட்டது. இருபத்தாறு பாகம், நான்கு தட்டு. படம் கண்ணாடி மாதிரி இருக்கிறது. ஆனால் நம் லத்தீன் அமெரிக்கப் பக்கத்து டப்பிங் இல்லை, ஸ்பெயின்காரர்கள் டப்பிங். பதினாறு வயதுக் கதாநாயகன் பாதிரியார் மாதிரிப் பேசுகிறான். ஜப்பானியக் குரலோடு எழுத்தை வாசித்துப் பார்ப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். இருபதாம் பாகத்தைத் தனியாக இருக்கும்போது பார்க்காதீர்கள். நான் தனியாகத்தான் பார்த்தேன், அதனால் சொல்கிறேன்.

இனி மெஷினிமா. இதற்குத்தான் இவ்வளவு பீடிகை.

‘அந்தாராவின் கேப்டன்’, தொண்ணூற்றிரண்டு நிமிடம். சிலே நாட்டின் சின்னக் கம்பெனி ஒன்று அட்டைப்பெட்டி, படக்கையேடு எல்லாம் போட்டு முறையாக வெளியிட்டிருக்கிறது. லீமாவில் எடுத்த மெஷினிமா ஒன்று இப்படி வெளிவருவது எனக்குத் தெரிந்து இதுதான் முதல் தடவை. எடுத்தவன் நான். என் படத்தைப் பற்றி நானே எழுதுவது அசிங்கம் என்பதால் போன வாரம் ஒரே வரியில் விட்டுவிட்டேன். அதற்குள் பதினொரு பேர் எழுதிக் கேட்டுவிட்டீர்கள். எழுபத்தோராம் நிமிடத்தில் ஒலி குதிக்கிறது. பிராணவாயு தீர்ந்துபோய்க் கேப்டன் சாகிற காட்சியில் அவன் உருவம் ஒரு கணம் கல்லாக நிற்கிறது. பிறகு மூச்சுச் சத்தம் வேறு இடத்திலிருந்து தொடங்குகிறது. தட்டில் கீறலா, அச்சில் பிழையா என்று கேட்கிறீர்கள். உவான்காயோவிலிருந்து ஒருவர் தட்டைத் திருப்பியே அனுப்பிவிட்டார்.

கம்பெனிமேல் தப்பில்லை. தட்டு சுத்தம். அந்த இடத்தில் பத்தொன்பது விநாடியை வெட்டி எடுத்தவன் நான்.

மெஷினிமா எப்படி எடுப்பது என்று பலருக்குத் தெரியும், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வீடியோ விளையாட்டுக்குள் நுழைந்து, அதிலிருக்கும் உருவங்களைப் பொம்மலாட்டம் போல நடக்கவிட்டு, அதையே படமாகப் பிடித்து, நம் குரலைச் சேர்த்துவிட வேண்டும். கேமரா கிடையாது, அரங்கம் கிடையாது, சம்பளம் கேட்கவே வேண்டாம். நாங்கள் மூன்று பேர். நான் ரிகெல், இயக்குநர். கேப்டனுக்குக் குரல் கொடுத்தவன் காண்டோர். பைலட் பெண்ணுக்கு லூனா. லூனா அரேகிபாவில் இருக்கிறாள். காண்டோர் என் அறையிலிருந்து பதினொரு தெரு தள்ளி, அதே ப்ரேன்யா பேட்டையில்தான் இருந்தான். ஆனாலும் அவனவன் வீட்டில், அவனவன் காதுமாட்டியோடு உட்கார்ந்துதான் பேசுவோம். மூன்று குரலும் என் கம்ப்யூட்டரில் வந்து பதியும். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஊர் முழுக்கக் கால்பந்து பார்த்துக்கொண்டு தெருவில் வண்டி குறைந்திருக்கும். அதுதான் எங்கள் நேரம்.

காண்டோரின் உண்மைப் பெயர் எலெயாசர். பிரசில் அவென்யூவில் ஓடுகிற கோம்பி வேனில் கண்டக்டர். கதவில் தொங்கிக்கொண்டு, “பிரசில், பிரசில், முழுக்க பிரசில், ஏறு ஏறு, காலியா இருக்கு” என்று நாள் முழுக்கக் கூவுவான். வண்டிக்குள் மூச்சுவிட இடமிருக்காது. அந்தக் குரலை முதலில் கேட்டது ஒரு சிக்னலில்தான். நான் அந்த வண்டியில் ஏறி, போகவேண்டிய இடத்தைத் தாண்டி எட்டு நிறுத்தம் போனேன்.

“நீங்க சினிமாவுல பேசலாமே,” என்றேன்.

“டிக்கெட்ட எடுத்துட்டுப் பேசு கசேரோ,” என்றான். வண்டியில் ஏறுகிற வாடிக்கை எல்லோரும் அவனுக்குக் கசேரோதான்.

லீமாவில் பிறந்தவர்களுக்கு ஆஸ்துமாவைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகஸ்டு மாதத்தில் சுவர்கூட வியர்க்கும் ஊர். அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே இருந்தது. டாக்டர்கள் மலைப்பக்கம், காய்ந்த காற்றுக்குப் போ என்று பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். போன வருடம் ஜூலையில் ஒரு நாள், அரேகிபாவில் பஸ் நிலையத்தில் வேலை கிடைத்திருக்கிறது, செப்டம்பரில் போகிறேன் என்றான். லூனா அந்த ஊரில்தான் இருக்கிறாள் என்பதை அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

“அங்கேர்ந்து பேசினா போவுது. நெட்டு இல்லாத ஊரா?” என்றான்.

“சரி,” என்றேன். எனக்குக் கோபமில்லை. கேப்டன் சாகிற காட்சியைச் செப்டம்பருக்குள் முடித்துவிட வேண்டும் என்று மட்டும் நினைத்தேன்.

எங்களுக்குள் ஒரு விதி இருந்தது. பதிவு ஓடும்போது யாரும் உண்மைப் பெயரைச் சொல்லக் கூடாது. சொன்னால் நாடகம் முடிந்தது என்று அர்த்தம். உடனே பதிவை நிறுத்தி, அந்தப் பெயருக்குரியவர் பதில் சொல்ல வேண்டும். விளையாட்டுக்காக வைத்த விதியல்ல. எங்கள் கதைகளில் எல்லோரும் அலறுவார்கள், காப்பாற்று என்பார்கள், சாவார்கள். காதுமாட்டிக்குள் கேட்பது நடிப்பா நிஜமா என்று பிரிப்பதற்கு வேறு வழி கிடையாது. அதற்காகவே முதல் நாள் மூவரும் உண்மைப் பெயரை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். அதன்பிறகு அதைப் பயன்படுத்தவில்லை.

இரண்டு வருடத்தில் அவன் என் பெயரை இரண்டு தடவை சொல்லியிருக்கிறான். முதல் தடவை நடுச்சண்டையில், விண்கலம் எரிந்துகொண்டிருந்தபோது, பெயரைச் சொல்லி, “கொஞ்சம் நில்லுடா, அடுப்புல பால் வச்சிருக்கேன்,” என்றான். லூனா சிரித்துச் சிரித்து இருமினாள். இரண்டாவது தடவை நிலநடுக்கம். நான் ஜன்னலுக்கு மெத்தையைச் சாத்திவைத்து, காதை அடைத்துக்கொண்டு, ஒலியளவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்காலி ஆடுவதை என்னுடைய ஆட்டம் என்று நினைத்துவிட்டேன். அவன் பெயரைச் சொல்லி, “வெளிய ஓடு, ஓடுடா,” என்று கத்தினான். ஓடினேன். திரும்பி வந்தபோது மேஜைமேல் புத்தக அலமாரி கிடந்தது. அந்த இரண்டு துண்டுகளையும் தனிக் கோப்பில் எடுத்து வைத்திருக்கிறேன். எதையும் அழிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

போன ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. லூனா தன் அக்காள் குழந்தையின் ஞானஸ்நானத்துக்குப் போயிருந்தாள். நானும் அவனும் மட்டும். மூன்றரை மணிக்குத் தொடங்கினோம். எதிரொலி வராமலிருக்கத் தலைக்குமேல் கம்பளிப் போர்வையைப் போர்த்திக்கொண்டு பேசுவது அவன் வழக்கம். அல்பாகா கம்பளி, அவன் அம்மா வைத்துவிட்டுப் போனது, பத்து வருடத் தூசி. காட்சி உங்களுக்குத் தெரியும். கதவு மூடிவிட்டது, காற்று குறைகிறது, கேப்டன் தன் கலத்திடம் பேசிக்கொண்டே சாகிறான். நாலு மணி பத்து நிமிடத்துக்கு அவனுக்கு உண்மையாகவே மூச்சு முட்டியது. நான் அதை நடிப்பென்று நினைத்தேன். அவன் தங்கை நோயெமி, அவளும் உழைத்துப் பிழைக்கிறவள்தான், ஒரு சீனச் சாப்பாட்டுக் கடையில் சமையல் வேலை, ஐந்தே முக்காலுக்கு வீடு திரும்பியபோது எல்லாம் முடிந்துவிட்டிருந்தது.

இதைத்தான் லூனாவிடம் சொன்னேன். அடக்கத்தன்று நோயெமியிடம் சொன்னேன். மார்ச் மாதத் திரைவிழாவில் மேடையேறியும் இதையே சொன்னேன். அரங்கம் எழுந்து நின்றது. அந்தக் காட்சியைப் பார்த்துத்தான் சிலேக்காரர்கள் தட்டு வெளியிட வந்தார்கள். உங்களில் ஒருவர் எழுதியிருந்தீர்கள், இந்தக் கண்டத்தில் இப்படி ஒரு குரல் நடிப்பை நான் கேட்டதில்லை என்று. அட்டையின் பின்புறத்தில் அந்த வரியைப் போட்டிருக்கிறார்கள்.

அடக்கம் முடிந்த மறுநாள் கடையைத் திறந்தேன். பக்கத்துக் கடை, நாற்பத்தாறு, சென்யோரா எடெல்மிரா. போன் உறை, பிளக், அடாப்டர் எல்லாம் விற்கிறார்.

“ஏய் நாப்பத்தேழு, உன் சிநேகிதன் செத்துட்டானாமே. கடைய மூடக் கூடாதா?”

“வியாழக்கிழமை பட்டியல் போடணும் சென்யோரா.”

“உனக்கு நெஞ்சுக்குள்ள என்னடா இருக்கு, அடாப்டரா?”

கெட்ட மனுஷி இல்லை. அன்று மதியம் தன் சோற்றில் பாதியை எனக்குத் தள்ளிவிட்டார். ஆறு வருடமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம். காலெரியாவில் கடைக்காரர்கள் ஒருவரையொருவர் எண்ணால்தான் கூப்பிடுவோம். வாங்க வருபவர்களுக்கு நான் கசேரோ, எனக்கு அவர்கள் கசேரோ. உங்களுக்கெல்லாம் ரிகெல். அம்மா இருந்தவரை ஒரு நாளைக்கு இருபது தடவையாவது பெயரைச் சொல்லித் திட்டுவாள். அவள் போய் நாலு வருடம் ஆகிறது. மொட்டைமாடி அறையில் இருக்கிறவனை யார் பெயர் சொல்லிக் கூப்பிடப் போகிறார்கள்? மின்சாரக்காரன்கூட “மேல் அறை” என்றுதான் கத்துவான்.

போன சனிக்கிழமை நோயெமி கடைக்கு வந்தாள். காலெரியாவுக்கு அவள் வந்தது அதுதான் முதல் முறை. என்னைவிட ஐந்தாறு வயது பெரியவள்தான், அண்ணனுக்குத்தான் தங்கை. கையில் ஒரு பொட்டலம் பொரித்த சோறு, இன்னொரு கையில் என் தட்டு.

“தம்பி ரிகெல், சாப்புடு, ஆறிடும். நான் பக்கத்து வீட்டம்மா டிவியில போட்டுப் பாத்தேன். அந்தப் பொம்மை எங்கண்ணன் மாதிரியே இல்ல. கண்ண மூடிக்கிட்டேன். அப்புறம் அவனேதான்.”

“நல்லா வந்திருக்குக்கா.”

“நடுவுல நின்னுபோவுதே, அது ஏன்? தட்டு கெட்டதுன்னு அந்தம்மா சொல்றாங்க. கெட்டதுதானா?”

“கொஞ்சம் வெட்டினேன்கா. சத்தம் சரியில்ல.”

“வெட்டினத தூக்கிப் போட்டுட்டியா?”

“இல்ல.”

“அப்ப எனக்குக் குடு தம்பி. சத்தம் சரியில்லாட்டியும் பரவால்ல. ஒரே ஒரு சொல்லா இருந்தாலும் போதும். அவன் குரல் எங்கிட்ட வேற எதுவும் இல்ல. போன்ல பேசினத யாரு புடிச்சு வச்சா?”

அடுத்த சனிக்கிழமை தருகிறேன் என்றேன். அவள் கிளம்பியவள் திரும்பி, கைப்பையிலிருந்து மடித்த சீட்டு ஒன்றை எடுத்தாள். அவன் கம்ப்யூட்டருக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்ததாம். அவன் கையெழுத்து. ஆபத்து என்று மேலே எழுதி, கீழே இரண்டு பெயர்.

“மிலாக்ரோஸ்னா அந்த லூனாப் பொண்ணு. அரேகிபாவுலேர்ந்து வந்து விழுந்து விழுந்து அழுதா. இந்த அவெலினோ யாரு தம்பி? அடக்கத்துக்கும் வரல, ஒரு போனும் இல்ல.”

“தெரியாதுக்கா.”

“ஆபத்துக்குக் கூப்பிடற ஆளுன்னு எழுதி வச்சிருக்கான் பாவம். கூப்பிட நேரமில்லாமப் போச்சு போல.”

சீட்டைப் பழையபடி மடித்து வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். சோறு நன்றாக இருந்தது. முழுவதையும் சாப்பிட்டேன்.

அவெலினோ என்பது என் பெயர்.

வழக்கம்போல் கடைசியில் திருத்தங்கள். முந்தின வாரம் எழுதியதில் பிழை இருந்தால் இங்கே சொல்லிவிடுவது என் வழக்கம். இந்தத் தடவை இதே பட்டியலில், கொஞ்சம் மேலே எழுதியவற்றிலேயே சில பிழைகள்.

அன்று பதிவு தொடங்குவதற்கு முன்பே எலெயாசர் சொன்னான், “மூச்சுக்கு இழுக்கற பஃப் தீந்துபோச்சுடா, முனையில மருந்துக்கடை தெறந்திருக்கு, ஓடிப்போய் வாங்கிட்டு வந்துடறேன்.” முதலில் ஒரு டேக் எடுத்துவிடலாம் என்றேன். ஒன்று எடுத்தோம். நன்றாகத்தான் இருந்தது. இன்னொன்று கேட்டேன். மூச்சு இன்னும் திணற வேண்டும், போர்வையை நன்றாக இழுத்துப் போர்த்திக்கொள் என்றேன். ஐந்து டேக் எடுத்தோம். தட்டில் இருப்பது ஐந்தாவது. நான்காவதற்குப் பிறகு அவன், “இப்பப் போய்ட்டு வரட்டுமா?” என்று கேட்டான். கடைசியாக ஒன்று என்றேன். செப்டம்பரில் போய்விடுகிறவனிடம் வேறு எப்போது கேட்பது?

நடிப்பென்று நினைத்தேன் என்று எழுதினேன். முதல் ஒரு நிமிடம் வரைக்கும் அது சரி. அவன் வசனத்தை விட்டுவிட்டான். கேப்டன் தன் கலத்துக்கு விடைசொல்ல வேண்டிய இடத்தில் வெறும் இழுப்பு மட்டும் கேட்டது. நெஞ்சுக்குள்ளிருந்து விசில் மாதிரி ஒரு சத்தம். அது எழுதிக்கொடுத்தது இல்லை. ஆனால் அருமையாக இருந்தது. ஒலியளவு முள்ளைச் சரிசெய்தேன். பிறகு அவன் விதிப்படி செய்தான்.

பத்தொன்பது விநாடியில் இருப்பது இதுதான். முதல் விநாடியில் என் பெயர். கேப்டனுடைய குரல் அல்ல, வண்டியில் கூவுகிற குரலும் அல்ல. அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று சொன்னானே, அந்தக் குரல். எட்டாவது விநாடியில் மறுபடியும். இடையில் ஏதோ கீழே விழுகிறது, நாற்காலியாக இருக்கலாம். பதினாறாவது விநாடியில் மூன்றாவது தடவை, பெயரின் முதல் பாதி மட்டும். அதன்பிறகு பேச்சில்லை, மூச்சுதான். அந்த மூச்சுதான் தட்டில் தொடர்கிறது.

லூனா மூலப் பதிவைக் கேட்டாள். கெட்டுப்போய்விட்டது என்றேன். “உன்னக் கூப்பிடலையா அவன்?” என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். இல்லை என்றேன். அதன்பிறகு அவள் எனக்கு எழுதுவதில்லை.

போன் மேஜைமேல்தான் இருந்தது. தன்னார்வத் தீயணைப்புக்காரர்களின் ஆம்புலன்ஸ் நிலையம் அவன் வீட்டிலிருந்து இரண்டு தெரு. மூன்று எண்ணை அழுத்தினால் போதும். நானே ஓடியிருந்தாலும் பதினொரு தெரு, ஏழெட்டு நிமிடம். இதையெல்லாம் பிறகு கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. அப்போதே தெரியும்.

அவனைத் தனியாக விட்டுவிட்டேன் என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது. காதுமாட்டியை நான் கழற்றவில்லை. மூச்சு நின்ற பிறகும் கழற்றவில்லை. கால்பந்தில் யாரோ கோல் போட்டார்கள், அவன் தெருவில் எழுந்த கூச்சல் அவன் மைக் வழியாகக் கேட்டது. அரை விநாடி கழித்து என் தெருவில் கேட்டது. குழாய் சொட்டியது. பக்கத்து வீட்டு நாய் இரண்டு தடவை குரைத்தது. ஐந்தே முக்காலுக்குக் கதவு திறந்தது. நோயெமி செருப்பைக் கழற்றிக்கொண்டே, “அண்ணா, சோறு கொண்டாந்திருக்கேன்,” என்றாள். அதுவரை ஒன்றரை மணி நேரம் அவனோடு இருந்தது நான் ஒருவன்தான். அவள் அலறத் தொடங்கியதும் பதிவை நிறுத்தினேன். அது எனக்குரியதல்ல.

இதற்கு என்ன பெயர் என்பதைக் காவல் நிலையத்தில் முடிவு செய்துகொள்ளட்டும். இந்தப் பட்டியலின் ஒரு பிரதியை அங்கேயும் கொடுத்திருக்கிறேன். சிலேக்காரர்களுக்கும் எழுதிவிட்டேன், மீதித் தட்டுகளை நிறுத்திவைக்கச் சொல்லி. ‘அந்தாராவின் கேப்டன்’ வாங்க வேண்டாம். வாங்கியவர்கள் திருப்பித் தரலாம். நாற்பத்தாறாம் கடையில் சென்யோரா எடெல்மிராவிடம் சொல்லிவைத்திருக்கிறேன். எதற்கு என்று கேட்டார். தட்டில் குறை என்று சொன்னேன்.

நோயெமி அக்கா, நீங்கள் இதையெல்லாம் வாசிக்கிறவர் இல்லை என்று தெரியும். யாராவது வாசித்துச் சொல்லட்டும். பத்தொன்பது விநாடியும் ஒரு பென் டிரைவில் இருக்கிறது, அதுவும் எடெல்மிராவிடம். முன்னால் பால் அடுப்புத் துண்டையும் நிலநடுக்கத் துண்டையும் சேர்த்திருக்கிறேன், அவன் சிரிக்கிற குரலும் உங்களிடம் இருக்கட்டும் என்று. எனக்கென்று பிரதி வைத்துக்கொள்ளவில்லை. அப்படி எழுதலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் வைத்திருக்கிறேன்.

சீட்டில் எழுதியிருந்த ஆள் ஏன் பதில் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். காவல் நிலையத்திலும் அதைத்தான் கேட்பார்கள். பதிவு கெட்டுப்போகும் என்று பயந்தேன் என்றால் நம்பிவிடுவார்கள். அவன் அரேகிபா போகிற கோபம் என்றாலும் நம்புவார்கள். இரண்டும் பொய். விரல் நிறுத்தும் பொத்தானின் மேலேயேதான் இருந்தது. அவன் கூப்பிட்டது காதில் விழுந்தது. முதல் தடவையே பதில் சொல்லியிருந்தால், இரண்டாவது தடவை என் பெயரைச் சொல்லியிருக்க மாட்டான்.